மாமாவின் மகிழுந்தும் ஐந்து டயர்களும்

விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்து சற்றே மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. வழக்கமாக இலக்கணமும் வாசிப்பும் பேசும் நான் இன்று டயரைப் பற்றி எழுதப் போகிறேன். 'உருளிப்பட்டை' என்று எழுதுவதே முறை. ஆயினும் கடைக்குப் போய் உருளிப்பட்டை கேட்டு எவரும் வாங்கி வந்ததாக நான் அறியேன். டயர் என்றே இருக்கட்டும்.

என்னிடம் பழைய மகிழுந்து ஒன்று இருப்பதைப் பெற்றோர் சிலர் அறிவர். 1968ஆம் ஆண்டின் எம்ஜிபி ஜிடி. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவானது. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. தோட்டத்துப் பட்டறையில் பழுதுபார்ப்பவராக இருந்த என் தாய்மாமா, நாடு திரும்பிய துரை ஒருவரிடமிருந்து 1974இல் அதை வாங்கினார். மாமாவின் தாயார், அதாவது என் பாட்டி, அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். துரையின் வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்ற குடும்பத்தின் வாசலில் அந்த வண்டியே வந்து நின்றதைப் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையில்லாத மாமா 2011இல் மறைந்தபோது வண்டி என்னிடம் வந்தது. அதில் இருந்த டயர்கள் 2006இல் அவரே தம் கையால் மாட்டியவை.

அந்த டயர்களைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. காரணமும் கைவசம் இருந்தது. மாதம் இருமுறை மட்டுமே ஓடும் வண்டி. பள்ளங்கள் ஆழமாக, புதியவை போலவே இருந்தன. தேய்மான அடையாளக் கட்டை 1.6 மில்லிமீட்டரில் இருக்கும். இவற்றில் அதற்கு மேல் நான்கைந்து மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. பிறகு எதற்குச் செலவு?

2023ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மாலை. தைப்பிங்கில் மழைக்குச் சொல்லவா வேண்டும். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோலகங்சாரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சமிக்ஞை விளக்கு சிவந்தது. வேகம் அதிகமில்லை. பிரேக்கை மிதித்தேன், சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. இந்த வண்டியில் இக்காலத்து ஏபிஎஸ் எல்லாம் கிடையாது. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவர் ஒரு தாய். பின்னால் பள்ளிச் சீருடையில், புத்தகப்பை மாட்டிய ஒரு பிள்ளை. ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. அந்தத் தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. மகள்தான், "அப்பா, ஏன் கை இப்படி நடுங்குது?" என்று கேட்டாள்.

மறுநாள் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது. ரப்பர் தேய்வதால் மட்டும் சாவதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை மெல்ல இறுக்கிவிடுகின்றன. வெடிப்பைத் தடுக்கும் மெழுகு போன்ற பொருள்களை டயரின் கலவையிலேயே சேர்த்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வருகின்றன. ஆகவே, நிறுத்தி வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று நாம் நினைக்கும் டயர்தான் முதலில் வெடிக்கிறது.

டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்னும் எழுத்துகளைத் தொடரும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். என்னுடையதில் 3106. அதாவது 2006ஆம் ஆண்டின் 31ஆம் வாரம். 2000க்கு முன் மூன்று இலக்கங்களே இருந்தன. பெட்டியில் கிடந்த மாற்று டயரைப் புரட்டினேன்: 418, அருகே ஒரு சிறு முக்கோணம். 1998! பன்னிரண்டு ஆண்டுகளாக ஆபத்துக்கு உதவும் என்று நான் சுமந்து திரிந்தது அதைத்தான். பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயரை மாட்டுவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. பெற்றோர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் வண்டியருகே சென்று அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். மாற்று டயரையும்தான்.

சரி, எதை வாங்குவது? இந்த வண்டிக்குரிய அளவு 165ஆர்14. டயர்க்கடை தவ்கே முகம் மலர்ந்தார். "சிக்கு, இந்த அளவு என்னிடம் நிறைய இருக்கு, விலையும் மலிவு" என்று எடுத்துக் காட்டினார். அளவு சரிதான், ஆனால் எண்ணுக்குப் பின்னால் 'சி' என்னும் எழுத்து. சரக்கு வேன்களுக்கான டயர். மூட்டை ஏற்றுவதற்கென விறைப்பாகச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள என் வண்டிக்கு அது கட்டையைக் கட்டி ஓட்டுவது போலாகும். ஈரத்தில் பிடிப்பும் குறையும். மலிவு என்னைச் சிறிது அசைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து 195/60. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். இங்கேதான் என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குப் பாடம் கிடைத்தது. டயரின் அகலத்தில் குறிப்பிட்ட விழுக்காடுதான் பக்கச் சுவரின் உயரம். பழைய அளவில் விழுக்காட்டை எழுதமாட்டார்கள். ஏறத்தாழ 80 என்று கொள்ளலாம். 14 அங்குலம் என்பது 355.6 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர்களைக் கூட்டினால் 165ஆர்14இன் விட்டம் 619.6, 195/60இன் விட்டம் 589.6. ஐந்து விழுக்காடு குறைவு! வேகமானி 60 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 57இல்தான் போகும். 185/70 என்றால் விட்டம் 614.6, வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை. கழற்றிய சக்கரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு சுற்று உருட்டி அளந்தோம். நூலில் இருந்ததைவிட அன்று வட்டத்தின் சுற்றளவு நன்றாகவே புரிந்தது. ஒரு மாணவனின் சட்டை கறுத்துப் போனதற்கு அவனுடைய அம்மாவிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது வழி, பழைய தோற்றத்திலேயே இக்காலக் கலவையில் வார்க்கப்படும் டயர்கள். பிரெல்லி நிறுவனம் தன் பழைய 'சிந்துராத்தோ' வகையை இவ்வாறு மீண்டும் வெளியிடுகிறது. என் ஆசை அதுபோன்ற ஒன்றில்தான் இருந்தது. கப்பல் செலவையும் சேர்த்து விசாரித்தேன். ஒன்றின் விலையில் இங்கே மூன்று டயர் வாங்கலாம். எனக்கு வேண்டியதோ ஐந்து. மனைவி மறுப்புச் சொல்லவில்லை. "மாமா இருந்திருந்தா என்ன வாங்கியிருப்பாரு?" என்று மட்டும் கேட்டார். மாமா தோற்றத்துக்காக ஒரு காசும் செலவழித்தவர் அல்லர். அவர் மாட்டிய டயர்களைத்தான் நான் பூசைப்பொருளாக்கி வைத்திருந்தேன்.

185/70ஆர்14 என்று முடிவு செய்தேன். 'எச்' குறியீடு, அதாவது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். அந்த வேகத்தை இந்த வண்டி தன் இளமையிலேயே கண்டதில்லை. கடையில் முதலில் காட்டியவை மூன்று ஆண்டுகளாக அடுக்கில் கிடந்தவை. இலக்கங்களைப் படித்துவிட்டு வேண்டாம் என்றேன். தவ்கே சிரித்துக்கொண்டே உள்ளே போய், வந்து இரண்டு மாதமே ஆனவற்றை எடுத்து வந்தார்.

என் வண்டியின் சக்கரங்கள் கம்பி ஆரங்கள் கொண்டவை. ஆரம் பொருந்தும் துளைகள் வழியாகக் காற்று கசியுமாதலால் உள்ளே டியூப் கட்டாயம் வேண்டும். டயரின் உட்புறத்தில் மேடான வரிகளோ ஒட்டுத்தாளோ இருந்தால் டியூபை உரசிக் கிழித்துவிடும். தவ்கேயின் இளம் பணியாளர் டியூப் மாட்டியே பழகாதவர். எனவே நானே குனிந்து, மாமா செய்வதைப் போல் உட்புறம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து, ஒட்டுத்தாளை உரித்து, முகப்பவுடரைத் தூவினேன். என்ன செய்கிறேன் என்று அந்த இளைஞருக்குப் புரியவில்லை, தவ்கேக்குப் புரிந்தது. "பழைய ஆள் வேலை" என்றார்.

நிறுத்தும் இடங்களில் திசைமாற்றி முன்னைவிடக் கனக்கிறது. அகலமான டயருக்குரிய விலை அது. அடுத்த மழையன்று மகளை அழைத்துக்கொண்டு அதே சமிக்ஞை விளக்குக்குப் போனேன். சிவந்தது. மிதித்தேன். கோட்டுக்குப் பின்னால் நின்றது.

மாமாவின் டயர்களில் ஒன்றை ஊஞ்சலாக்க மகள் கேட்கிறாள். மற்றவற்றைத் தவ்கேயிடமே விட்டுவிட்டேன். 3106 என்று பொறித்த அந்த ஒன்று, இன்னும் கொல்லைப்புறத்தில் சுவரோரம் சாய்ந்திருக்கிறது.