ஷிஃப்ட் மாறும் வகுப்பறை

தன்னார்வமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் இளைஞர்களுக்கு முதல் நாள் நான் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒடியா கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசாப் பையன் ஒருவன் எதிரே உட்காருவான். அந்த ஒரு மணி நேரமும் அவன்தான் வாத்தியார். தண்ணீர் கேட்க வேண்டும், ஊர் விசாரிக்க வேண்டும், உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். தமிழ் கூடாது, ஆங்கிலமும் கூடாது. கல்லூரி முடித்த பிள்ளைகள் வியர்த்துப் போவார்கள்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு 1961இல் தொடங்கியது. 1976 வரை இந்தியாவுக்கும் தன்னார்வலர்களை அனுப்பியது. வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களை அவர்கள் இன்றும் நேராக வகுப்பறைக்கு அனுப்புவதில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அந்த நாட்டிலேயே பயிற்சி. உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் மொழியைப் படித்துக்கொண்டே பாடம் நடத்தப் பழக வேண்டும். பிழைத்துக்கொள்ள அந்த மொழி வேண்டும் என்பது வெளிப்படையான காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த வாரம் தானே ஒரு சொல்லுக்காகத் தடுமாறியவர், எதிரே தடுமாறுகிறவரை அவசரப்படுத்த மாட்டார். அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருப்பார். அப்படிக் காத்திருக்கத் தெரியாதவருக்கு எத்தனை பட்டம் இருந்தாலும் இந்த வேலை கைகூடாது.

எங்கள் மாணவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். 2021இல் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலையை அமைத்தபோது 10,000 பெண்களை வேலைக்கு எடுக்கப்போவதாக அறிவித்தது. அந்த ஒரு ஆலை மட்டுமல்ல, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை பல ஆலைகள் சுற்று வட்டாரப் பெண்களை நம்பி ஓடுகின்றன. மத்தூர், ஊத்தங்கரை, தருமபுரிப் பக்கத்துப் பெண்கள் வருகிறார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள் வருகிறார்கள். பெரும்பாலும் பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ. ஆங்கிலத்தில் பாஸ் மார்க் வாங்கியவர்கள்தான். ஆனால் லைனில் சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்கிறார்கள்.

இவர்களுக்கு வகுப்பு நடத்துவதில் முதல் சிக்கல் ஷிஃப்ட். இந்த வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து இரவு. போன வாரம் வந்தவர் இந்த வாரம் வர முடியாது. "நேற்று விட்ட இடத்திலிருந்து" என்று தொடங்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும்: அன்று வந்தவர் அன்றே ஒன்றைச் செய்து முடித்துவிட்டுப் போக வேண்டும். பாடத்தை அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தவர் என்.எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். உலகெங்கும் மொழியாசிரியர்கள் அதைப் பெங்களூர்த் திட்டம் என்பார்கள். ஓசூர் எல்லையைத் தாண்டினால் வரும் ஊரில் நடந்த வேலை அது. நம் ஆசிரியர்களில் பலருக்கு இன்னும் தெரியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இலக்கண விதியை முதலில் சொல்லிப் பிறகு பயிற்சி கொடுக்கும் வழியை அவர் விட்டார். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காணும் கணக்கு ஒன்றை வைத்தார். கவனம் முழுவதும் விடையில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து, ஆசிரியர் கேள்வி கேட்க, ஒரு கணக்கு. பிறகு அதே போன்ற இன்னொன்றைத் தனித்தனியாக. வகுப்பில் பாதிப் பேராவது கணக்கில் பாதியாவது சரியாகச் செய்தால் அதன் கடினம் பொருத்தமானது என்று ஓர் அளவும் வைத்திருந்தார். நான் இன்றுவரை அந்த அளவைத்தான் பயன்படுத்துகிறேன்.

எங்களுக்கு ரயில் அட்டவணையை விடப் பே ஸ்லிப் உதவுகிறது. பெயரையும் தொகையையும் மாற்றி எழுதிய ஒரு சம்பளச் சீட்டைப் பலகையில் வரைவேன். "ஹவ் மெனி டேஸ் டிட் ஷீ வொர்க்?" என்று தொடங்கும். ஓ.டி. எத்தனை மணி நேரம்? பிடித்தம் எவ்வளவு? அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் பி.எஃப். 12 விழுக்காடு, 1,200 ரூபாய். மொத்தச் சம்பளம் 14,000 என்றால் இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, 105 ரூபாய். இதுவரை எல்லோரும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார்கள். அடுத்து ஒரு கேள்வி: இன்னொருத்தியின் மாதச் சம்பளம் 21,000 வரம்பைத் தாண்டியிருக்கிறது, அவளுக்கு இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா? இங்கேதான் வகுப்பு மாறும். ஒருத்தி "நோ" என்பாள். "ஒய்?" என்பேன். "பிகாஸ்..." என்று இழுப்பாள். பின்பெஞ்சிலிருந்து வேறொருத்தி மறுப்பாள். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் அது தன் சம்பளத்தைப் பற்றிய வாதம். அதில் கூச்சத்துக்கு இடமில்லை. அப்போது ஒருவர் பிழையாகச் சொன்ன வாக்கியத்தை நான் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவேன். நின்று விளக்க மாட்டேன். பேச்சு அறுந்தால் மீண்டும் ஒட்டாது.

இந்தச் சம்பளச் சீட்டுப் பாடத்தையே எல்லாத் தன்னார்வலர்களுக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். ஒரே பாடத்தை எல்லோருக்கும் பரப்பும் ஆசை பழையது. 1960களின் தொடக்கத்தில் அன்றைய சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு, ஒருவர் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்ற முறையில் ஆங்கிலப் பயிற்சி தர முனைந்தார்கள். எண்ணிக்கை பெரிது. ஆனால் கை மாறக் கை மாற, ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற காரணம் நழுவி, சடங்கு மட்டும் மிஞ்சுவது இத்தகைய முறையின் இயல்பு. அதனால் நான் பாடக் குறிப்புகளை அச்சடித்துக் கொடுப்பதில்லை. வரும் தன்னார்வலர் தன் கணக்கைத் தானே தயாரிக்க வேண்டும். சேஃப்டி போர்டு, மருந்துச் சீட்டு, வங்கிச் செலான், பேருந்து நேரம், எதுவானாலும் சரி.

"இங்கிலீஷ் எனக்கு வராது சார்" என்று சொல்லாத மாணவர் அரிது. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு அவர்களோடு போய்ப் பார்க்க வேண்டும். காய்க்காரம்மாவிடம் தமிழ், ஆட்டு வியாபாரியிடம் தெலுங்கு, துணிக்கடையில் உருது. பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வாயில் கன்னடம். யாரும் இவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. வேலை இருந்தது, பேச ஆட்கள் இருந்தார்கள், பிழையைப் பார்த்துச் சிரிப்பவர் இல்லை. இந்த மூன்றையும் ஆங்கிலத்துக்கும் ஏற்படுத்திக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. எல்லை மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு மொழி வராது என்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆங்கிலம் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனால் வருவதாகச் சொன்ன நாளில் கட்டாயம் வாருங்கள். இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் நேரே வகுப்புக்கு வருகிறவர்கள் இவர்கள்.