கேக்குக்கு அடியில் ஓர் உறையூர்ப் புடவை

தில்லை நகரில் யாரிடம் வழி கேட்டாலும், “எத்தனாவது கிராஸ்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். மெயின் ரோட்டின் இரு பக்கமும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து போகும் குறுக்குத் தெருக்கள். முகப்பில் மருத்துவமனைகளும் ஜவுளிக் கடைகளும். உள்ளே நாலு வீடு தள்ளிப் போனால் சத்தம் அடங்கிவிடும். மாலை ஐந்து மணிக்கு அங்கே வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை வந்தால், பக்கத்தில் யாரோ வீட்டிலேயே கேக் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படி ஒரு வீட்டுக்குத்தான் நான் போனேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு 70 வயது. முட்டையில்லாத கேக் வேண்டும். கூடவே என் பையில் ஒரு பழைய புடவை இருந்தது.

அது பாட்டி கட்டிய உறையூர்ப் பருத்திப் புடவை. அம்மா எனக்குக் கொடுத்தது. நடுவில் நைந்து கிழிந்துவிட்டது. சிவப்புக் கரை மட்டும் இன்னும் புதுசு போல இருந்தது. அந்தக் கரையை கேக் வைக்கும் பலகையில் போர்த்த முடியுமா என்று கேட்கத்தான் கொண்டு போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. வெட்டிய பிறகு அவள் முகம் சுருங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

கேக் அக்கா புடவையை விரித்துத் தடவிப் பார்த்தார். “உறையூர் இங்கேர்ந்து கூப்பிடு தூரம். நம்ம ஊர் துணிதான், போட்டுடலாம்மா” என்றார். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல் வணிகக் குறிப்பேடு, ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றிச் சொல்கிறது. அந்த ஊர் நம் உறையூர்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

அக்கா முன்பு கல்யாணங்களுக்கு ஆரத்தித் தட்டும் சீர்த் தட்டும் அலங்கரித்தவர். மலைக்கோட்டை அடிவாரக் கடைவீதியில் ஜரிகையும் லேஸும் வாங்கிப் பழகிய கை. “தட்டுல எது வேணா ஒட்டலாம். பலகை அப்படி இல்ல. மேல உக்கார்றது சாப்பிடற பொருளாச்சே” என்றார்.

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. போன வருடம் வேறோர் இடத்தில் வாங்கிய கேக்கில், மெல்லிய அட்டையில் சாதாரண கிஃப்ட் பேப்பரைச் சுற்றியிருந்தார்கள். க்ரீமின் எண்ணெய் ஊறி, காகிதத்தின் நீலம் அடிப்பக்கத்தில் ஏறிவிட்டது. அந்த அடுக்கை அப்படியே குப்பையில் போட்டோம். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிப்பதும் அச்சு மையால்தான்.

அக்கா செய்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் வீட்டில் செய்யலாம்.

கேக் 8 அங்குலம் என்றால் பலகை 12 அங்குலம். சுற்றிலும் 2 அங்குலம் தெரிந்தால்தான் போர்த்திய துணி கண்ணுக்குப் படும். வளையாத எம்.டி.எஃப் பலகை நல்லது. துணியைத் துவைத்துக் கஞ்சி போக அலசி, இஸ்திரி போட்டார். பலகையை விட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டினார். கவிழ்த்து, டபுள் சைடு டேப்பில் முதலில் மேல், பிறகு கீழ், அடுத்து இடம், வலம் என எதிரெதிராக இழுத்து ஒட்டினார். வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் கரை கோணிக்கொள்ளும். வட்ட விளிம்பில் மடிப்பு தடிக்காமல் இருக்க, ஓரத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டார்.

அதன் மேல் உணவுக்கு உகந்த கண்ணாடி போன்ற ஷீட் ஒன்றை இழுத்துப் போர்த்தினார். கேக் அதன் மேலும் நேராக உட்காராது. கேக் அளவுக்கே வெட்டிய தனி அட்டையில் உட்காரும். அப்போதுதான் கத்தி துணியில் இறங்காது. பலகையின் அடியில் நான்கு சிறு குமிழ்கள். தூக்கும்போது விரல் நுழைய இடம் வேண்டுமே!

“ஃபாயில் சுத்தினா சுலபம்தானே?” என்றேன். க்ரீம் கேக்குக்குப் பரவாயில்லையாம். பழம், எலுமிச்சை சேர்த்த கேக்கின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். நடுவில் பட்டர் பேப்பர் வேண்டும். ஃபாண்டன்ட் விரிப்பதானால் ஒன்றிரண்டு நாள் முன்பே விரித்துக் காயவிட வேண்டும். ஐப்பசி மழையில் அது லேசில் காயாது.

பளபளப்புத் தூளை மட்டும் அவர் தொடவே இல்லை. ‘நச்சில்லாதது’ என்று போட்டிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். கேக்கில் பூசிய மினுமினுப்புத் தூளில் செம்பு அதிகம் இருந்தது தெரியவந்தது.

மறுநாள் ஆட்டோவில் மடியில் கேக்கோடு கிளம்பினேன். சத்திரம் பேருந்து நிலைய நெரிசல், காவிரிப் பாலம், மாம்பழச் சாலை. ஒவ்வொரு பள்ளத்திலும் என் மூச்சு நின்று வந்தது. பலகை அசையவில்லை.

சித்திரை வீதி வீட்டில் பெட்டியைத் திறந்தோம். அம்மா கேக்கைப் பார்க்கவில்லை. குனிந்து, விரலால் ஷீட்டின் மேல் அந்தச் சிவப்புக் கரையைத் தொட்டாள்.

“இது எங்கம்மா புடவை இல்லையோ?”

நான் பதில் சொல்லவில்லை. அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கத்தியை வாங்கி, “மெதுவா வெட்டணும், துணில படாம” என்றாள்.

கேக் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. ஈரத் துணியால் பலகையைத் துடைத்து, கூடத்து அலமாரியில் பாட்டியின் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தாள் அம்மா. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து கேட்டாள்:

“மிச்சத் துணியை எங்கேடி வெச்சிருக்க?”