ஆகஸ்ட் மாத டேப்

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்து குமாஸ்தா ஆனவன் நான். கணினி என் மேசைக்கு வந்தபோது ஐம்பது தாண்டிவிட்டது. 2007இல் அயல்பணியில் ஓர் அரசு நிறுவனத்தில் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷனில் இருந்தேன். பணிப்பதிவேடுகள் எல்லாம் என் பொறுப்பு.

அங்கே கண்காணிப்பாளராக இருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முன்பு வேறு துறையில் அவர் பார்த்த நான்கு வருட வேலைக்கான சான்று ஜூலையில் ஈமெயிலில் வந்தது. "பிரின்ட் எடுத்துத் தர்றேன், பதிஞ்சிடுப்பா" என்றார். ஆடிட் நேரம். "அடுத்த வாரம் பார்க்கலாம்ண்ணே" என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் 12ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார்.

டிசம்பரில் பணிக்கொடைக் கணக்குப் போட்டபோது அந்த நான்கு வருடம் இடித்தது. பழைய துறையில் விசாரித்தால், மூலப் பதிவேடு மழையில் நனைந்து கூழாகிவிட்டதாம். அண்ணனுடைய மெயில் பெட்டியையோ செப்டம்பரிலேயே நீக்கிவிட்டார்கள்.

சர்வரைக் கவனித்த ஒப்பந்தப் பையனிடம் போனேன். "நீக்கின பெட்டிய சர்வர் முப்பது நாள் வச்சிருக்கும் சார். அதுக்குள்ள சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றான். தினசரி டேப்புகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அழித்து எழுதப்படுபவை. மாதக் கடைசி டேப் மட்டும் ஒரு வருடம் பீரோவில் இருக்கும். ஆகஸ்ட் 31 டேப் இருந்தது.

"அப்ப அவர் பெட்டிய மட்டும் எடுத்துக் கொடுங்க தம்பி."

"டேப்புல தனித்தனிப் பெட்டி கிடையாது சார். ஆபீஸ் முழுக்க ஒரே மூட்டை."

எங்களுடையது எக்ஸ்சேஞ்ச் 2003. பெட்டி பெட்டியாக பேக்கப் எடுக்கும் முறையும் உண்டாம், பிரிக் லெவல் என்பார்களாம். ஆனால் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து படித்து எடுப்பதால் ராத்திரி முழுக்க ஓடினாலும் முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு எங்கள் ஊர் எத்தா சிவில் ஞாபகம் வந்தது. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஒரு பிரதி மேரியில், ஒரு பிரதி நீதிமன்ற கிரெஃப்பில். 1776 அரசாணைப்படி இன்னொரு பிரதி கப்பலேறி வெர்சாய்க்கும் போனது. எது தொலைந்தாலும் வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டி நகல் எழுதிக்கொள்ளலாம். இங்கே ஒரு பக்கத்துக்காகப் பதிவேடு முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

அதைத்தான் அந்தப் பையன் செய்தான். பயன்படாமல் கிடந்த ஒரு கணினியில் இன்னொரு சர்வர் அமைத்து, நிறுவனப் பெயர், டேட்டாபேஸ் பெயர் எல்லாம் எழுத்துப் பிசகாமல் பழையபடியே வைத்தான். ஒரு எழுத்து மாறினாலும் ஏற்காதாம். வட்டில் இடம் போதவில்லை. புது ஹார்ட் டிஸ்க்குக்கு நான் நோட் போட்டுக் கையெழுத்து வாங்க ஒன்பது நாள் ஆனது. டேப்பை இறக்க ஒரு பகல், ஒரு ராத்திரி. பிறகு பொய்யாக ஒரு ஆளை உருவாக்கி, அந்த ஆளுடன் அண்ணன் பெட்டியை இணைத்து, எக்ஸ்மெர்ஜ் என்ற கருவியால் தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்தான்.

திரையில் அலுவலகத்தார் அத்தனை பேர் பெயரும் வரிசையாக நின்றது. மேலதிகாரிகள் பெயர்களும்தான். எங்கள் இருவரைத் தவிர அறையில் யாரும் இல்லை. "வேற எதையும் தொடாதீங்க தம்பி. வேலை முடிஞ்சதும் மொத்தத்தையும் அழிச்சிடுங்க" என்றேன். அப்படியே செய்தான். இந்தக் காலத்தில் அது எத்தனை பேருக்கு வரும்?

ஜூலைக் கடிதம் இருந்தது, ஸ்கேன் தெளிவாகவே. டிராஃப்ட்ஸ் பகுதியில் என் பெயருக்கு எழுதி அனுப்பாமல் விட்ட ஒன்றும் இருந்தது. தேதி ஆகஸ்ட் 9.

"திறக்கவா சார்?"

வேண்டாம் என்றேன்.

மார்ச்சில் பணம் வந்தது. அண்ணி அலுவலகத்துக்கே வந்து, "அந்தக் காகிதம் எங்க தம்பி கிடைச்சுது?" என்று கேட்டார்.

"பீரோவுல இருந்துது அண்ணி" என்றேன். டேப் பீரோவில்தானே இருந்தது.