ஜீப்புக்கு ஒரு இரும்புக் கவசம்



நம்ம ஸ்ரீமதுரையில் ஜீப் என்பது வெறும் வண்டி இல்லை. இஞ்சி மூட்டை, வாழைத்தார், ராத்திரி வலி வந்த கர்ப்பிணி, எல்லாம் கூடலூர் போவது அதில்தான். எங்கள் வீட்டுச் சாப்பாடும் அதில்தான். போன வருஷ மழையில் எங்கள் ஜீப்பின் ஆயில் சேம்பரில் கல் அடித்து விரிசல் விட்டது. பதினோரு நாள் வண்டி ஓடவில்லை. அந்தப் பதினோரு நாளும் மீன்காரர் கூப்பிட்டால் அம்மா வெளியே வரவில்லை.

"அண்ணே, அடி முழுக்க ஆறு எம்.எம். தகடு அடிச்சிடலாம்" என்றார் மெக்கானிக்.

"டீசல் குடிக்குமே தம்பி" என்றார் அப்பா.

நான் அறிவியல் நோட்டை எடுத்தேன். நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் 60 செ.மீ., கனம் 6 மி.மீ. இரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். பெருக்கினால் சுமார் 42 கிலோ! நம் வகுப்பில் ஒருத்தர் எப்போதும் ஓசியில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

கூடலூரை விட ஊட்டி ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 5 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 கோடியே 60 லட்சம் ஜூல் உண்டு. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வரும் என்று வைத்தால், தகட்டைத் தூக்க மட்டும் ஒரு ஏற்றத்துக்கு 55 மில்லி. தினமும் ஏறினால் மாதம் ஒன்றரை லிட்டருக்கு மேல்!

அடுத்து, ஓட்டுவது. மேலே கேரியரில் 42 கிலோ ஏற்றினால் வளைவில் வண்டி சாயப் பார்க்கும். அடியில் இருந்தால் ஈர்ப்பு மையம் இறங்கும், அது நல்லதுதான். ஆனால் எடை முன்பக்கமே சேர்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும். கல் இன்னும் கிட்ட வரும். இறக்கத்தில் பிரேக்குக்கும் வேலை கூடும். தகட்டுக்குள் சேறு அடைந்தால் அந்த எடையும் சேரும்.

கடைசியில் சேம்பருக்கு அடியில் மட்டும், 60-க்கு 50 செ.மீ., 4 மி.மீ. தகடு போட்டோம். ஒன்பதரை கிலோதான். ஆயில் இறக்க ஒரு ஓட்டையும் உண்டு. இந்த மழை முடிந்து குனிந்து பார்த்தேன். தகட்டில் மூன்று பள்ளம், சேம்பரில் ஒரு கீறல்கூட இல்லை!

நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டிக்கு அடியிலும் ஒரு தடவை பாருங்கள். பயந்து எடை ஏற்ற வேண்டாம். அடி விழும் இடத்தைக் காப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி