வேடமும் விதியும்

வேடம் புனைந்து பிறர்முன் தோன்ற வேண்டும் என்னும் விருப்பம் மக்கட்கு இயற்கையாய் அமைந்ததொன்று. தாயின் சேலையைச் சுற்றிக்கொண்டு தன்னைப் பெரியவளாகப் பாவிக்கும் சிறுமியும், மூங்கிற் குச்சியை வில்லாக வளைத்துத் தன்னை அருச்சுனன் என்று சொல்லிக்கொள்ளும் சிறுவனும் இதனை எவரிடத்தும் கற்றவரல்லர். வயது ஏற ஏற நாம் இவ்விருப்பத்தை நாணி மறைக்கின்றோம். அவ்வாறு மறையாது, தாம் படித்துச் சுவைத்த கதைகளின் தலைவரையும் தலைவியரையும் தம் உடலிலே படைத்துக்கொண்டு ஓரிடத்திற் கூடுவோர் இந்நாளில் உலகெங்கும் உளர். அக்கூட்டங்களைச் சுவைஞர் மாநாடு என்று கூறலாம். சென்னையில் நடந்த அத்தகைய சிறு மாநாடு ஒன்றில் வேடப் போட்டியை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதனால் யான் அறிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றை முதற்கண் சிறிது கூறுதல் பொருந்தும். 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நியூயார்க் நகரில் முதல் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து அதற்கு வந்த ஃபாரஸ்ட் அக்கர்மன் என்னும் இளைஞரும், மிர்ட்டில் டக்ளஸ் என்னும் அம்மையாரும் வருங்கால மக்களின் உடை எவ்வாறிருக்கும் என்று கற்பனை செய்து அமைத்த ஆடைகளை அணிந்து வந்தனர். இருவர் ஆடைகளையும் தைத்தவர் டக்ளஸ் அம்மையாரே. மறு ஆண்டு சிக்காகோவிற் கூடிய இரண்டாம் மாநாட்டில் வேடப் போட்டி நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெற்றது. அதில் சித்திரக்கதைக் கொடுங்கோலனாகிய மிங் என்பானின் வேடத்தில் வந்த டேவிட் கைல் என்பவர் பரிசு பெற்றார். அவ்வுடையை ஆக்கியவரோ லெஸ்லி பெர்ரி என்னும் அம்மையார். ஆக்கியவர் ஒருவர், அணிந்தவர் ஒருவர் என்னும் இந்நிலையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் இதனை நாம் மீண்டும் காண நேரும்.

அமெரிக்காவில் வளர்ந்த இவ்வழக்கத்திற்கு இன்று உலகில் வழங்கும் பெயரைத் தந்தது ஜப்பான். ‘காஸ்டியூம்’, ‘ப்ளே’ என்னும் இரு சொற்களையும் சுருக்கிக் ‘காஸ்ப்ளே’ என்று ஒரு சொல்லாக 1980ஐ அடுத்த ஆண்டுகளில் வழங்கியவர் நோபுயுகி தகஹாஷி என்னும் எழுத்தாளர். 2003ஆம் ஆண்டு முதல் ஜப்பானின் நாகோயா நகரில் பல நாட்டு வேடக் கலைஞர் கூடும் மாநாடு நடந்து வருகிறது. நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு டில்லியில் தொடங்கிய காமிக் கான் 2024ஆம் ஆண்டிற் சென்னைக்கும் வந்தது.

எங்கள் மாநாடு இவற்றோடு ஒப்பிடத் தக்கதன்று. வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம், போட்டியாளர் 32 பேர், ஏவல் செய்ய ஒன்பது நண்பர்கள்: எங்கள் செல்வம் இவ்வளவே. ஆயினும் சிறிய போட்டிக்கும் பெரிய போட்டிக்கும் வேண்டும் ஒழுங்கு ஒன்றுதான். ஒருவர்க்கு மேடையில் 60 விநாடி. ஏறவும் இறங்கவும் 30 விநாடி. இக்கணக்கின்படி 32 பேர்க்கும் 48 நிமிடம் ஆகும். இதனை முன்னரே கணக்கிடாவிடில், இறுதியில் வருவோர் அரைமணி நேரம் கவசத்திற்குள் வெந்துகொண்டிருக்க நேரும். சிறுவர்களை முதலிலும், பேருருவம் உடைய வேடங்களை இறுதியிலும் நிறுத்துவது வழக்கம். குழந்தைகள் நெடும்பொழுது காத்திரார். பேருருவத்தைக் கண்டபின் சிற்றுருவம் கண்ணிற்படாது.

அடுத்தது விதிகள். விதி என்றவுடன் இளைஞர் முகம் சுளிப்பர். ஆயின் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் யாரோ ஒருவர் பட்ட இடர் இருக்கின்றது. 1972ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நடந்த உலக மாநாட்டில் ஓவியர் ஒருவர் உடலெங்கும் நிலக்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தார். அது இருக்கைகளிலும் பிறர் ஆடைகளிலும் ஒட்டியது. விளக்குகளின் வெப்பத்தாற் கெட்டு நாறவும் தொடங்கியது. உணவுப் பொருளால் வேடம் புனைதல் ஆகாது என்னும் விதி அதன் பின் ஏற்பட்டது. இது நகைப்பிற்கு இடமாவது. நகைக்கத் தகாத விதியும் ஒன்று உண்டு. வேடம் அணிந்த பெண்ணைக் கேளாமலே தொடுவதும், தோளிற் கை போட்டுக்கொண்டு படம் எடுப்பதும் பல கூட்டங்களில் நிகழ்ந்த கொடுமைகள். வேடம் அணிந்திருத்தல் இசைவு ஆகாது என்னும் கருத்தை 2014ஆம் ஆண்டில் நியூயார்க் காமிக் கான் நடத்துவோர் பெரிய பலகைகளில் எழுதி வைத்தனர். யாங்களும் வாயிலிலேயே, ‘கேளாமல் தொடாதீர்; கேளாமற் படம் எடுக்காதீர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினோம். தம் மகளை அழைத்துவந்த தாயார் ஒருவர் அப்பலகைமுன் நின்று இருமுறை படித்துப் பார்த்து, ‘இனி நான் வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் வருகிறேன், கண்ணு’ என்று மகளிடம் சொல்லிச் சென்றார். அன்று எங்களுக்குக் கிடைத்த முதற் பாராட்டு அதுவே.

இனி, போட்டியின் உயிர்நிலை யாதெனின், யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதாம். பத்து ஆண்டு பழகிய கைக்கும் முதன்முறை கத்தரிக்கோல் பிடித்த கைக்கும் ஒரே அளவுகோல் வைத்தல் முறையன்று. ஆதலின், பெரிய மாநாடுகளின் வழக்கத்தைப் பின்பற்றித் தொடக்க நிலையார், பயின்றோர், வல்லுநர் என மூவகையாகப் போட்டியாளரைப் பகுத்தோம். கீழ்நிலையிலுள்ளார் விரும்பினால் மேல்நிலையிற் போட்டியிடலாம். மேல்நிலையார் கீழே இறங்குதல் கூடாது. விலைகொடுத்து வாங்கிய ஆடையும் மேடைக்கு வரலாம். ஆனால் கைவேலைப் பரிசுக்கு உரியதாகாது. விண்ணப்பத்தாளில் ‘ஆக்கியவர் யார், அணிபவர் யார்’ என்னும் இரண்டு வினாக்களைத் தனித்தனியே அமைத்தோம். சிக்காகோவில் அணிந்தவர்க்குப் பரிசு கிடைத்த செய்தியை மேலே கூறினேன். தம் அக்காள் தைத்த ஆடையை அணிந்து வந்த ஒரு மாணவர், ‘அக்காள் பெயரையும் மேடையில் வாசிப்பீர்களா?’ என்று கேட்டார். வாசித்தோம்.

கைவேலையை மேடையில் மதிப்பிட முடியாது. ஆகவே நடுவர் மூவரும் காலையிலேயே தனியறையில் அமர்ந்து ஒவ்வொரு வேடத்தையும் அருகிற் கண்டனர். ஒருவர் தையல் ஆசிரியை, ஒருவர் நாடகப் பயிற்சி தருபவர், ஒருவர் ஓவியர். தையல் ஆசிரியை ஆடையின் வெளிப்புறத்தைப் பார்த்ததினும் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்ததே மிகுதி. கவசம் பெரும்பாலும் ஃபோம் ஷீட் என்னும் மெல்லிய நுரைத் தகட்டால் ஆகியது. அதனைச் சூடாக்கி வளைத்து, பசையிட்டு, வண்ணம் பூசினால் தூரத்தில் இரும்பெனவே தோன்றும். நம் தெருக்கூத்துக் கலைஞர் கலியாண முருங்கை மரத்தின் இலேசான கட்டையிற் கிரீடமும் புயகீர்த்தியும் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டி அரசராய்த் தோன்றுவதும் இவ்வறிவினாலேயே. இரவெல்லாம் ஆட வேண்டியவனுக்குக் கனம் பகை என்பதை அவர்கள் நெடுங்காலமாக அறிவர்.

ஒப்பனை அறையை ஓர் அக்காள் பொறுப்பில் விட்டோம். ஊசி, நூல், ஊக்கு, க்ளூ கன், கறுப்பு நாடா, உறிஞ்சுகுழாயோடு கூடிய தண்ணீர்ப் புட்டிகள் ஆகியவை அவர் மேசையில் இருந்தன. தலைக்கவசம் அணிந்தவர் குழாயின்றி நீர் பருக இயலாது. சென்னை வெப்பத்தில் பசை இளகிக் கவசத் துண்டுகள் விழுந்தவண்ணம் இருந்தன. அவ்வக்காளும் ஒட்டியவண்ணம் இருந்தார். கவசத்தின் கண் துளைவழியே கால் தெரியாதாகையால், படிக்கட்டின் இருபுறத்தும் கைகொடுக்க இருவரை நிறுத்தினோம். படம் எடுப்போர் மின்வெட்டொளி பயன்படுத்தலாகாது என்று தடுத்ததும் இக்காரணம் பற்றியே.

நிற்க. அன்று எங்கள் விதிகளை எல்லாம் சோதித்த ஒரு வேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டில் தன் முதல் வெளியீடாகத் தந்தது ‘இரும்புக்கை மாயாவி’. 1962ஆம் ஆண்டில் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கில வார இதழில் தோன்றிய கதை அது. ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன்மேல் மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குப் புலனாகும். தமிழ்நாட்டுச் சிறுவர் பலர் இம்மாயாவியோடு வளர்ந்தனர். தொடக்க நிலையார் பிரிவிற் பெயர் கொடுத்த 19 வயது இளைஞர் ஒருவர் இவ்வேடத்தைத் தேர்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாதவனாக எவ்வாறு வேடம் புனைவது?

அவர் கொண்டுவந்தவை ஒரு கறுப்பு அங்கியும் ஒரு கையுமே. எண்ணெய்த் தகரத்தை வெட்டி விரலுக்கு மூன்று கணுவாக அமைத்து, தூண்டில் நரம்பால் இணைத்து, உள்ளே தம் விரலை அசைத்தால் வெளியே தகர விரலும் மடங்குமாறு செய்திருந்தார். ஒத்திகையின்போது என்னிடம் வந்து, ‘அண்ணா, என் முறை வரும்போது விளக்குகளை அணைத்து, ஒன்றை மட்டும் கையின்மேல் விட முடியுமா?’ என்று கேட்டார். மேடையில் முழு இருள் ஆகாது என்பது எங்கள் விதி. ஒருவர் தடுக்கி விழுந்தால் அவர் காலும் முறியும், அவருடைய மூன்று மாத உழைப்பும் முறியும். ஆனால் ஒத்திகை என்பது இத்தகைய வினாக்களுக்காகவே உள்ளது. படிகளின் விளக்கை அணையாமல் வைத்து, மேடையின் ஓரத்தில் வெள்ளை நாடா ஒட்டி, திரையருகே ஒருவரை நிறுத்தி, மூன்றுமுறை நடக்கச் செய்து பார்த்தபின் இசைந்தேன்.

மாலையில் அவர் முறை வந்தது. விளக்குகள் தாழ்ந்தன. கறுப்புத் திரையின்முன் இரும்புக்கை ஒன்று காற்றில் மிதந்து வந்தது. மேசைமேலிருந்த பூட்டைத் தடவி எடுத்தது. சாவியைத் திருகித் திறந்தது. விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிக் காட்டியது. இளையோர் சிலர் இஃது என்ன என்று தம்முள் வினவிக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் அமர்ந்திருந்த நரைத்தலைப் பெரியவர் ஒருவர் எழுந்து, ‘மாயாவி!’ என்று கூவினார். பெயர் இன்னும் அறிவிக்கப்படவில்லை. மண்டபம் முழுவதும் கைதட்டியது.

நடுவர் அறையில் கைதட்டல் இல்லை, வழக்கு எழுந்தது. ‘பிறர் எல்லாரும் தலைமுதல் கால்வரை உழைத்திருக்கிறார்கள். இவர் கையளவே உழைத்தார். இதை எப்படி வேடம் என்பது?’ என்றார் ஓவியர். ‘கதையில் உலகத்தார் காண்பது அந்தக் கை ஒன்றைத்தானே? காட்ட வேண்டியதை இவர் முழுதும் காட்டிவிட்டார்’ என்றார் நாடக ஆசிரியர். இருவரும் என்னை நோக்கினர். எனக்கு அவ்வேடம் மிகவும் பிடித்திருந்தது. ஆயின் போட்டியை நடத்துபவன் நடுவனல்லன். மதிப்பெண் தாளை எடுத்து அவர்கள்முன் வைத்தேன். மூலத்தோடு பொருத்தம், கைவேலை, மேடைத் தோற்றம் என மூன்று தலைப்புகளே அதில் இருந்தன. அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தையல் ஆசிரியை, ‘விரற்கணுக்களை நான் எண்ணிப் பார்த்தேன். தையலில் இவ்வளவு பொறுமை கண்டால் முழு மதிப்பெண் கொடுப்பேன்’ என்றார். தொடக்க நிலையாரின் முதற்பரிசு அவ்விளைஞர்க்கே கிடைத்தது.

பரிசளிப்பு முடிந்தபின் அதே பிரிவிற் போட்டியிட்ட ஒரு மாணவி என்னிடம் வந்தாள். மூன்று மாதம் இரவிற் கண்விழித்துக் கவசம் செய்தவள் அவள். அவள் கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை. ‘நான் எதில் குறைந்தேன் என்று மட்டும் தெரிய வேண்டும், அண்ணா’ என்றாள். போட்டியாளர் ஒவ்வொருவர்க்கும் நடுவர் இரண்டு மூன்று வரி எழுதித் தர வேண்டும் என்று முன்னரே வேண்டியிருந்தோம். அவளுக்குரிய தாளைக் கொடுத்தேன். வண்ணம் மிக நன்று என்றும், தோட்கவசத்தின் வார் உட்புறம் பிரிந்திருந்தது என்றும், அதனால் மேடையில் அவள் கையை உயர்த்த அஞ்சினாள் என்றும் அதில் எழுதியிருந்தது. படித்துவிட்டுச் சிறிது நேரம் நின்றாள். பின்னர், ‘உண்மைதான், கையைத் தூக்கினால் விழுந்துவிடும் என்று பயந்தேன்’ என்று சொல்லி, அவ்விளைஞரைத் தேடிச் சென்று, தூண்டில் நரம்பை எவ்வாறு முடிந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தோற்றவர் தம் தோல்வியின் காரணத்தை அறிந்து செல்லுமாறு நடத்துவதே போட்டி நடத்துவோர் கடமையென்று யான் கருதுகின்றேன். வென்றவர்க்குப் பரிசு ஆறுதல் தரும். முப்பத்திருவரில் பெரும்பாலோர் வெல்லாமலே வீடு திரும்புகின்றனர். அவர்களுடைய உழைப்பையும் ஒருவர் அருகிருந்து பார்த்தார், உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார் என்னும் நிறைவையேனும் அவர்க்கு நாம் தர வேண்டும்.

நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் மாறுவேடப் போட்டி நடைபெறுவது நேயர்கள் அறிந்ததே. பொறுப்பேற்கும் மாணவர்க்கு யான் வேண்டுவன மூன்று. ஆக்கியவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். புதியவரையும் பழகியவரையும் பிரித்து நிறுத்துங்கள். வெல்லாதவர்க்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இவற்றிற்குப் பணம் வேண்டுவதில்லை. ஒரு பேனாவும், சிறிது பொழுதும், ஓர் ஊக்குப் பெட்டியும் போதும்.