அக்காவின் ஊதா

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் மூன்று பேர் வேலை செய்கிற ஒஃபிசுக்குப் போன வருசம் ஒரு முறைப்பாடு வந்தது. ஒரு கம்பனியின் கணக்குப் பகுதி பிறவுசரில் திறக்கிற றிப்போர்ட்டில், இன்வொய்ஸ் இலக்கங்கள் சில நீலமாகவும் சில ஊதாவாகவும் தெரிகின்றனவாம். முகாமையாளரின் கொம்பியூட்டரில் ஒரு மாதிரி, பக்கத்து மேசையில் வேறு மாதிரி. அவருக்கு அது வடிவில்லை.

இரண்டு நாள் மினக்கெட்டோம். நிறங்களைச் சொல்கிற சி.எஸ்.எஸ் கோப்பை வரிவரியாகப் பார்த்தோம். கடைசியில் எங்களில் ஒராள் பிறவுசரின் ஹிஸ்டரியை அழிக்க, எல்லாம் நீலமாகிவிட்டது. அட, இவ்வளவுதானா! போகாத லிங்க் நீலம், போய்வந்தது ஊதா. எங்கள் கோப்பில் லிங்குக்கு நிறமே கொடுக்கவில்லை. பிறவுசர் தன்பாட்டில் போட்டிருக்கிறது. காலையில் ஊதாவாக இருந்தது பின்னேரம் நீலமானதற்கும் காரணம் கிடைத்தது. திரும்ப லொகின் செய்தால் முகவரியின் வாலில் புது செஷன் இலக்கம் ஒட்டிக்கொள்ளும். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் பிறவுசருக்கு அது போகாத இடம்தான்.

ஒரு வரி எழுதினோம்: போனாலும் போகாவிட்டாலும் ஒரே நீலம். முகாமையாளர் நன்றி சொன்னார்.

மாதக் கடைசியில் கணக்குப் பகுதி அக்கா ஃபோன் எடுத்தா. "தம்பி, என்ர ஊதா எங்க?"

அவ ஒவ்வொரு இன்வொய்ஸாகத் திறந்து கடதாசியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவ. பார்த்தது ஊதா, பார்க்காதது நீலம். வருசக்கணக்காக அதுதான் அவவின் கொப்பி. வேலை முடியும்வரைக்கும் லொகவுட் பண்ணமாட்டாவாம். "பண்ணினா நிறம் போயிரும்" என்று அவவுக்கு எப்போதோ தெரியும். எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. அன்றைக்கு நானூறு சொச்சத்தையும் முதலிலிருந்து பார்த்து முடித்து, வெள்ளவத்தைக்கு வீடு போய்ச்சேர இரவு ஒன்பதரை.

வெட்கத்தில் அடுத்த கிழமை ஒழுங்கான வேலை செய்தோம். "பார்த்தாச்சு" என்று ஒரு டிக் பெட்டி. யார், எத்தனை மணிக்கு என்பதோடு பதியும். முகாமையாளருக்கு நல்ல சந்தோசம். அக்காவுக்கு இல்லை. "நான் எப்ப எதைப் பார்த்தனான் எண்டு இனி அவர் பாத்துக்கொண்டிருப்பார், என்ன?"

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பிறவுசர் செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். முந்தி ஓர் இணையத்தளம் தன் பக்கத்தில் லிங்குகளை ஒளித்துவைத்து, அவற்றின் நிறத்தைக் கேட்டே நீங்கள் எங்கெங்கே போய்வந்தீர்கள் என்று அறியலாம். 2010இல் மொஸில்லா அதை அடைக்கும் வழியை அறிவித்தது. மற்றப் பிறவுசர்களும் அந்த வழிக்கு வந்தன. இப்போது பக்கம் கேட்டால், எல்லாம் போகாத லிங்கின் நிறம்தான் என்று பிறவுசர் பொய் சொல்லும். ஊதா, பார்க்கிற கண்ணுக்கு மட்டும். (சேர்வர் லொக்கில் எல்லாம் கிடக்கும்தான், அதை ஆர் பார்க்கிறது?) அக்காவின் திரையோடு நின்ற விசயத்தை நாங்கள் முகாமையாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

டிக் பெட்டியில் இப்போது நேரம் இல்லை, பெயர் மட்டும். அதற்குச் சம்மதம் வாங்க மூன்று கூட்டம். நாங்கள் எழுதிய அந்த ஒரு வரியையும் அழித்தோம். செஷன் இலக்கத்தை முகவரியிலிருந்து எடுத்துவிட்டோம். அக்கா பின்னேரம் லொகவுட் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகிறா.