ஒரு தலைமுடி போதும்

நம் வாலிபர் ஐக்கியத்தில் இந்த வருஷம் 3 பேர் டைவிங் கற்றுக்கொண்டார்கள். மூவருக்கும் அடுத்த ஆசை, தண்ணீருக்குள் கேமரா கொண்டுபோவது. 8 வருஷமாகப் பெர்ஹெந்தியான் தீவுப் பக்கம் கேமராவோடு இறங்குகிறவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள்.

சாதாரண கேமராவை ஹவுசிங் என்கிற பெட்டிக்குள் வைத்துத்தான் கடலில் இறக்குகிறோம். சில சமயம் பெட்டியின் விலை கேமராவின் விலையையே தாண்டும். ஆனாலும் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே தண்ணீரைத் தடுத்து நிற்பது, ஓ-ரிங் என்கிற மெல்லிய ரப்பர் வளையம். அதன்மேல் ஒரு மணலோ, ஒரு தலைமுடியோ, துண்டிலிருந்து உதிர்ந்த நூலோ கிடந்தால் போதும். உப்புத் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைப்போம். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 2 மடங்கு என்பது உண்மை. ஆனால் அந்த அழுத்தமே மூடியை வளையத்தின்மேல் இறுக்கிப் பிடிக்கிறது. முதல் சில மீட்டரில் அந்த உதவி குறைவு. பல கேமராக்கள் ஒன்றோடொன்று இடிபடும் கழுவுத் தொட்டியில்கூடப் பெட்டி கசியலாம்.

ஆகவே நான் படகில் உட்கார்ந்து அவசரமாகப் பெட்டியை மூடுவதில்லை. முந்தின இரவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருவேன். வளையத்தை விரலால் தள்ளி எடுப்பேன். ஊசியோ கத்தியோ படக்கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக உருவினால், கண்ணுக்குத் தெரியாத மணலும் கைக்குத் தெரியும். வளையம் உட்காரும் பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைத்து, பெட்டி செய்தவர்கள் சொல்லும் கிரீஸை லேசாகப் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுவேன். கிரீஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைத்து அப்புகிறவர்கள் உண்டு. வளையம் முறுக்காமல் வழுக்கி உட்காரத்தான் கிரீஸ். அதிகமானால் தூசியைப் பிடித்துவைக்கும். மூடிய பிறகு சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

புதுப் பெட்டியானால், முதல் தடவை கேமராவை வைக்காதீர்கள். டிஷ்யூ காகிதத்தையும், பெட்டி மிதக்காமல் இருக்க ஓர் ஈயத் துண்டையும் வைத்துக் கொண்டுபோங்கள். மேலே வந்து பார்க்கும்போது காகிதம் காய்ந்திருந்தால், அடுத்த டைவுக்குக் கேமரா போகலாம். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் பெட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பட்டன்களை அழுத்தி உப்பை வெளியேற்றி, நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும்.

இத்தனை செய்தும் ஒரு நாள் கசியலாம். 2 வருஷத்துக்கு முன் என்னோடு இறங்கிய தம்பி ஒருவர், 14 மீட்டர் ஆழத்தில் தன் பெட்டியிலிருந்து குமிழி கிளம்புவதைப் பார்த்தார். பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமரா. காலை உதைத்து நேரே மேலே கிளம்பிவிட்டார். நான் அவருடைய ஃபின்னை எட்டிப் பிடித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறினால் உள்ளே விரியும் காற்று நுரையீரலையே கிழித்துவிடும். இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகளும் உண்டாகலாம். லென்ஸ் பக்கம் கீழே இருக்கும்படி பெட்டியைத் திருப்பிப் பிடிக்கச் சைகை காட்டினேன். புகுந்த தண்ணீர் முன்பக்கக் கண்ணாடியில் தேங்கும், கேமராவின் உடம்புக்கு ஏறத் தாமதமாகும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறினோம். 5 மீட்டரில் வழக்கம்போல 3 நிமிடம் நின்றோம். அந்த 3 நிமிடமும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பாவம்.

கேமரா பிழைக்கவில்லை. மெமரி கார்டு பிழைத்தது. அதில் அன்று காலை எடுத்த ஆமைப் படம் இருந்தது. வளையத்தின்மேல் கிடந்தது ஒரே ஒரு தலைமுடி. தம்பி அடுத்த சீசனில் மறுபடியும் இறங்கினார், வேறொரு கேமராவோடு.

ஆகவே குதிக்குமுன் உங்கள் ஜோடியிடம் ஒரு வார்த்தை பேசிவையுங்கள்: கேமரா நனைந்தால் நனையட்டும், நாம் மெதுவாகத்தான் ஏறுவோம்.